மலையில் ஏது மீக்கணினி என்போருக்கு

"சூப்பர் கம்ப்யூட்டர் படிப்பா? அதுக்கெல்லாம் பெங்களூர்லயோ பூனாவுலயோ பொறந்திருக்கணும் தம்பி. நீ பேசாம கோயம்புத்தூர் போய் ஏதாவது ஐ.டி. கம்பெனியில சேர்ற வழியப் பாரு." நீலகிரியில் கணினியோ இயற்பியலோ கணிதமோ படித்து முடிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் அறிவுரை இது. சொல்பவர் மாமாவாக இருக்கலாம், கல்லூரிப் பேராசிரியராக இருக்கலாம், கோச்சிங் சென்டர் நடத்துபவராகவும் இருக்கலாம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பெரிய இயந்திரம் இருக்கும் இடத்தில்தான் பெரிய இயந்திரப் படிப்பு வரும். மலையில் இருப்பது தேயிலையும் கேரட்டும் சுற்றுலாவும்தான். ஆகவே உயர்திறன் கணிமையில் மேற்படிப்பு என்பது நமக்கு எட்டாக்கனி. கோவையாக ஒலிப்பதால் யாரும் இந்த வாதத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் அதன் முதல் அடியே தப்பு.

ஊட்டி ராஜ்பவன் பக்கம் போனால், 2,200 மீட்டர் உயரத்தில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. 1950-களிலிருந்தே அந்நிறுவனத்தார் இந்த மலையில் காஸ்மிக் கதிர்களை அளந்து வருகிறார்கள். இப்போது அங்கே நடப்பது கிரேப்ஸ்-3 என்னும் சோதனை. ஏறத்தாழ 400 மின்னொளிர்வு உணரிகள் புல்தரையில் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி, அதற்குள் 3,712 குழாய் உணரிகள். வானிலிருந்து பொழியும் மியூவான் என்னும் நுண்துகள்களை நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி என்ற கணக்கில் அது பதிவு செய்கிறது. இவ்வளவு தரவை வைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட முடியாது.

2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து கிளம்பிய பிளாஸ்மா மேகம் பூமியின் காந்தப்புலத்தைத் தாக்கியது. அந்த நேரத்தில், சுமார் இரண்டு மணி நேரம், ஊட்டியில் மியூவான் வரவு திடீரென்று கூடியது. காந்தக் கவசம் தற்காலிகமாகப் பலவீனப்பட்டதால், வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் துகள்கள் உள்ளே வந்துவிட்டன என்பதே விளக்கம். அதை நிறுவக் கணினியில் பாவனைக் கணக்குகளை வாரக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தது. ஓட்டியது எதில்? பெங்களூரில் அல்ல, பூனாவில் அல்ல. ஊட்டி ஆய்வகத்தில் இயற்பியலாளர்களும் கணினிப் பொறியாளர்களும் தாங்களே கட்டிக்கொண்ட, 1,280 கோர் (தனித்தனியே கணக்குப் போடும் செயலி அலகு) கொண்ட கணினித் தொகுப்பில். ஆய்வு 2016-ல் வெளிவந்து உலகப் பத்திரிகைகள் எழுதின. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே திரண்ட இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று 2019-ல் அறிவித்ததும் இதே குழுதான். மேகத்துக்குள் யாரும் வோல்ட் மீட்டரைச் செருகவில்லை. மியூவான் வரவு 2 விழுக்காடு அளவுக்குக் குறைந்ததை வைத்து, எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் இந்தக் குறைவு வரும் என்று கணினியில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துப் பின்னோக்கிக் கண்டுபிடித்தார்கள். அதுதான் உயர்திறன் கணிமை. நம் தலைக்கு மேல் இடித்த இடியில் செய்தது.

ஊட்டியை அடுத்த முத்தோரை மலைச்சரிவில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-ல் இயங்கத் தொடங்கியது. ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்து, வடக்கு தெற்காக அதன்மேல் படுக்க வைத்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது; ஒரே அச்சில் திருப்பினால் ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். விலையுயர்ந்த இயந்திர ஏற்பாடு எதைச் செய்யுமோ அதை மலைச்சரிவே செய்கிறது. காசுக்குப் பதில் கணக்கைப் போட்ட இந்த வேலையைப் பிக்னிக் போகிற வழியில் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஊரில்தான் "நமக்கெதுக்கு" என்ற பேச்சும் நடக்கிறது.

இதற்கு ஒரு பதில் வரும், தெரியும். "அது மும்பைக்காரங்க நடத்துறது. நம்ம பிள்ளைங்க கேட்டுக்கு வெளியதானே நிக்குறாங்க?" நியாயமான கேள்வி. ஆய்வகம் இருப்பதால் மட்டும் அடுத்த தெருப் பையனுக்குப் படிப்பு வந்துவிடாது. ஆனால் இந்தக் கேள்விக்குள்ளும் அதே பழைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: 1,280 கோர் கைக்கு எட்டினால்தான் படிப்பு தொடங்கும் என்பது.

தொடங்குவது எதில் என்று காட்டுகிறேன். சி மொழியில் இரண்டு அணிகளைப் பெருக்கும் நிரலை முதலாமாண்டிலேயே எழுத வைத்துவிடுகிறார்கள். மூன்று சுற்றுகள், ஒன்றுக்குள் ஒன்று. 2000-க்கு 2000 அணி என்றால் மொத்தம் 800 கோடிப் பெருக்கல். பாடப்புத்தக வரிசையில் எழுதி ஓட்டி, எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே இருக்கும் இரண்டு சுற்றுகளை மட்டும் இடம் மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். விடை அதே விடை, பெருக்கல் அதே 800 கோடி. நேரம் மட்டும் பல மடங்கு குறையும். ஏன்? நினைவகத்திடம் செயலி ஒரு எண்ணைக் கேட்டால், வழக்கமான கணினிகளில் 64 பைட்டுகள், அதாவது அடுத்தடுத்து இருக்கும் எட்டு எண்கள், சேர்ந்தே வரும். பாடப்புத்தக வரிசை இரண்டாவது அணியை மேலிருந்து கீழாகப் படிப்பதால், வந்த எட்டில் ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறது. மற்ற ஏழும் அவை தேவைப்படும் நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டுவிடலாம். மாற்றிய வரிசை இடமிருந்து வலமாகப் போவதால் எட்டும் பயன்படுகின்றன. இதை ஒரு மாணவி தன் பழைய லேப்டாப்பில் செய்து, ஏன் என்று விளக்கியும் விட்டால், அந்தத் துறையின் முதல் பாடம் முடிந்தது. இதற்குப் பெங்களூர் எதற்கு?

இரண்டாவது பாடம் இன்னும் கசப்பானது. எஸ்டேட்டில் ஐம்பது பேர் கொழுந்து பறிக்கிறார்கள், எடை போட ஒரே தராசு என்று வையுங்கள். இன்னும் ஐம்பது பேரை இறக்கினால் கொழுந்து சீக்கிரம் சேரும். ஆனால் மாலையில் தராசுக்கு முன் வரிசை நீளும். பறிப்பதைப் பங்கிடலாம், எடை போடுவதைப் பங்கிட முடியாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-ல் சொன்னதும் இந்தக் கணக்குதான். ஒரு நிரலில் 5 விழுக்காடு வேலை பங்கிட முடியாததாக இருந்தால், 1,280 கோர் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தொடாது. 1 விழுக்காடு என்றால் சுமார் 93 மடங்கு. மீதி ஆயிரத்துச் சொச்சம் கோர்களுக்கான மின்கட்டணம் வீண். கோர்களைக் கூட்டுவது பணம் இருப்பவரின் வேலை. அந்த 5 விழுக்காட்டை 1 ஆக்குவதும் 1-ஐ 0.1 ஆக்குவதும்தான் படித்தவரின் வேலை. மேற்படிப்பு என்று ஒன்று இருப்பதே இந்தப் பின்பாதிக்காக. ஆனால் ஊரில் எல்லோரும் பேசுவது முன்பாதியை.

சரி, இடம் கிடைத்துப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அங்கே பரம் பிரவேகா என்ற மீக்கணினி இருக்கிறது. 2022-ல் நிறுவப்பட்டபோது 3.3 பெட்டாஃபிளாப் திறன். அங்கு படிக்கும் மாணவர் தினமும் அந்த இயந்திரத்தின் முன் போய் உட்காருகிறார் என்றா நினைக்கிறீர்கள்? விடுதி அறையிலிருந்து கறுப்புத் திரையில் கடவுச்சொல் அடித்து உள்ளே நுழைகிறார், வேலையை வரிசையில் போடுகிறார், முறை வரும்வரை காத்திருக்கிறார். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இ.பி.சி.சி. மையம் 2001-லிருந்து இந்தத் துறையில் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. அங்குள்ள ஆர்ச்சர்-2 இயந்திரத்தில் ஏழரை லட்சம் கோர். அது இருப்பது நகரத்துக்கு வெளியே தனிக் கட்டடத்தில். பயனர் கணக்கு இருந்தால் அதே கறுப்புத் திரை எடின்பரோவிலும் தெரியும், நீலகிரி எல்லநள்ளியிலும் தெரியும். திருச்சி என்.ஐ.டி.யில் 2022-ல் தொடங்கிய பரம் பொருள் மீக்கணினி 838 டெராஃபிளாப், நம் மாநிலத்துக்குள்ளேயே. இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு தகுதியாக இருந்திருந்தால் அந்தக் கட்டடங்களின் காவலாளிகள் எல்லோரும் முனைவர் ஆகியிருக்க வேண்டும்.

"முதலில் இயந்திரம், பிறகு படிப்பு" என்பது வரலாற்றிலும் நிற்காது. 1980-களில் இந்தியா கேட்ட கிரே மீக்கணினியைத் தர அமெரிக்கா இழுத்தடித்தது. வானிலைக்கென்று ஒன்று மட்டும் டெல்லிக்கு வந்தது. 1988-ல் சி-டாக் என்ற அரசு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டு, 1991-ல் பரம் 8000 வந்தது, மலிவான சில்லுகளைப் பலவாகக் கோத்து. இந்தக் கதையைத் தேசபக்திப் பாட்டாகப் பாடிப் பாடிச் சலித்துவிட்டோம், அதனால் விட்டுவிடுகிறேன். எனக்கு அதைவிடப் பிடித்தது 1994-ல் நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் செய்த வேலை. கடையில் கிடைக்கும் 486 வகைக் கணினிகள் பதினாறை ஈதர்நெட் கம்பியால் இணைத்து, லினக்ஸ் போட்டு, பேவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய பெரும்பாலான மீக்கணினிகள் அந்த வழி வந்தவையே. பத்து ஆண்டு கழித்துச் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தார் அதே முறையில் கப்ரு என்ற தொகுப்பைக் கட்டினார்கள். குவார்க்குகளைப் பற்றிய கணக்குகளுக்காக. 2004-ல் அது உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றது. கட்டியவர்கள் கணினி வியாபாரிகள் அல்ல, கோட்பாட்டு இயற்பியல்காரர்கள். தேவை வந்தது, கற்றுக்கொண்டார்கள், கட்டினார்கள்.

தமிழ்நாட்டு அரசு 2011-லிருந்து கொடுத்த இலவச லேப்டாப்புகளின் தொடக்க கால வரவுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது நினைவிருக்கிறதா? சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது. பரம் வரிசையைச் செய்த அதே நிறுவனத்தின் மென்பொருள், எஸ்டேட் லைன் வீடுகளுக்குள் இலவசமாக வந்து சேர்ந்தது. அதைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பெரும்பாலும் படம் பார்க்கவே பயன்பட்டது. குறை இயந்திரத்தில் இருந்ததா?

விண்ணப்பத்துக்கு வருவோம். அயல்நாட்டுப் படிப்புக்கு நோக்க அறிக்கை எழுத வேண்டும். மலைப் பிள்ளைகள் எழுதியவற்றைத் திருத்தித் தரச் சொல்லி அவ்வப்போது என்னிடம் கொண்டுவருவார்கள். கிட்டத்தட்ட எல்லாமே "சிறுவயது முதலே கணினிமேல் தீராத ஆர்வம்" என்று தொடங்கும். யாரோ ஏஜென்ட் கொடுத்த அச்சு அது. தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு உங்கள் சிறுவயது தேவையில்லை. நான்கு கோர் லேப்டாப்பில் ஒரு நிரலை ஒரு கோரில், இரண்டில், நான்கில் ஓட்டி, நேரம் பாதியாகி, பிறகு ஏன் பாதியாகாமல் நின்றது என்று எழுதிய ஒரு பக்கம் அதைவிடப் பல மடங்கு பேசும். வரைபடத்தில் கோடு எங்கே வளைகிறதோ, அங்கேதான் விண்ணப்பதாரர் யார் என்று தெரியும். வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட உதவும் ஓப்பன் எம்.பி. இலவசம், எம்.பி.ஐ. இலவசம், இரண்டும் ஒற்றைக் கணினியிலேயே ஓடும்.

உள்நாட்டில் வழிகள் தெளிவானவை. இந்திய அறிவியல் கழகத்தின் கணக்கீட்டு மற்றும் தரவு அறிவியல் துறைக்குக் கேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண் வேண்டும். கணினி அறிவியல் தாள் மட்டும்தான் என்பதில்லை, பிற பொறியியல் துறையினருக்கும் இடம் உண்டு. சி-டாக், மீக்கணினி நிர்வாகத்துக்கென்றே ஆறு மாத முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. அதற்குச் சி-கேட் என்ற தனி நுழைவுத்தேர்வு. கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முனைவர் ஆய்வுக்கு 2023 முதல் 37,000. வெளிநாட்டில் என்றால் இத்தாலியின் டிரியெஸ்டேயில் சிசா ஆய்வு நிறுவனமும் ஐ.சி.டி.பி.யும் சேர்ந்து நடத்தும் உயர்திறன் கணிமை முதுகலைப் படிப்பைப் பாருங்கள். வளரும் நாட்டு மாணவர்களுக்கென்று 1964-ல் அப்துஸ் சலாம் தொடங்கிய மையம் ஐ.சி.டி.பி., உதவித்தொகையும் தருகிறது. ஒரு வருடப் படிப்புக்காகத் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்துப் பிரிட்டன் போவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாய்க்குக்கூட நிற்காத காலங்களைப் பார்த்த குடும்பம், பவுண்டில் வாங்கிய கடனை எதை வைத்துக் கட்டும்?

மறுப்பாளர்களின் அடுத்த அம்பு புதியது. "எல்லாம் கிளவுட், ஏ.ஐ.ன்னு ஆயிடுச்சு. பட்டனைத் தட்டினா ஆயிரம் ஜி.பி.யு. வருது. இதைப் போய் யாராவது தனியாப் படிப்பாங்களா?" தட்டினால் வருவது உண்மை, பில்லும் மணிக்கணக்கில் வரும். ஆயிரம் ஜி.பி.யு. சேர்ந்து ஒரு மொழி மாதிரியைப் பயிற்றும்போது, ஒவ்வொரு அடிக்கும் எல்லாம் தத்தம் விடையை ஒன்றோடொன்று பகிர்ந்து கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பகிர்வு தாமதித்தால் ஆயிரமும் வாடகை ஏறச் சும்மா நிற்கும். அதைச் சீராக்கும் முறைகள் எம்.பி.ஐ. காரர்கள் வெகுகாலமாகச் செம்மைப்படுத்தி வந்தவைதான். ஏ.ஐ. வந்து இந்தப் படிப்பைத் தின்றுவிடவில்லை; அதற்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது.

கடைசியாக எஞ்சுவது மனசைத் தைக்கும் வாதம்: "அப்படியே படிச்சாலும் திரும்பி வந்து இங்க என்ன பண்ணப் போறான்?" எனக்கு இதற்குத்தான் கோபம் வரும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவம் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குதான் பெருமழை. ஒரே மாவட்டம், இரண்டு வானம். ஆனால் நாட்டின் உலகளாவிய வானிலை மாதிரி வெகுகாலம் 12 கிலோமீட்டர் கட்டங்களில் ஓடியது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தூரம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் நேர்க்கோட்டில் 16 கிலோமீட்டர். அதற்குள் தரை 1,500 மீட்டர் இறங்குகிறது. பன்னிரண்டு கிலோமீட்டர்க் கட்டத்துக்கு இந்த மலை ஒரு மழுங்கிய மேடு. பர்லியாறு தெரியாது, கேத்திப் பள்ளத்தாக்கு தெரியாது.

2025 மேயில் பாரத் முன்னறிவிப்பு முறை வந்து கட்டம் 6 கிலோமீட்டர் ஆனது. கட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பில் நான்கு மடங்கு கட்டங்கள், காலத்திலும் அடியைப் பாதியாக்க வேண்டும். ஆக எட்டு மடங்கு கணக்கு. 12-லிருந்து 1 கிலோமீட்டருக்கு இறங்க 1,728 மடங்கு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிரேப்ஸ்-3-க்கு ஓட்டும் பாவனையில் ஒவ்வொரு துகள் பொழிவும் தனித்தனி. ஒரு கோருக்கு மற்றதோடு பேச வேண்டிய அவசியமே இல்லை. வானிலையில் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு அடியிலும் பக்கத்துக் கட்டத்திடம் காற்றையும் ஈரத்தையும் கேட்டாக வேண்டும். அதனால் வெறும் கோர்களைக் குவித்தால் வேலைக்காகாது. நாடு முழுவதையும் 1 கிலோமீட்டரில் ஓட்டுவது பெருஞ்செலவு. நீலகிரியை மட்டும் வெட்டி எடுத்து நுண்கட்டத்தில் ஓட்டுவது, தெரிந்த ஆள் இருந்தால், எட்டும் வேலை. எந்தச் சரிவில் தேயிலை, எதில் கற்பூரமரம், எங்கே மண்ணை வெட்டி ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள் என்று அறிந்தவர் அதைச் செய்தால், மாதிரிக்குக் கொடுக்கும் தரைத்தரவே வேறாக இருக்கும். பூனாவிலிருந்து ஒருவர் வந்து இதை நமக்காகச் செய்து தருவார் என்று காத்திருக்கிறோமா?

உண்மையான தடை எது என்று கேட்டால், கோர் அல்ல, சாவி. மலைக் கல்லூரிகளில் கணினி ஆய்வகம் உண்டு, இருபது முப்பது இயந்திரங்களும் உண்டு. கடைசிப் பேருந்தைக் காரணம் காட்டி மாலை நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள்; மறுநாள் காலை வரை அவை குளிரில் சும்மா கிடக்கும். அவற்றில் பதினாறை ஒரு கிகாபிட் ஸ்விட்சில் கோத்தால், விலை சில ஆயிரம் ரூபாய், நாசாவின் 1994 தொகுப்பைவிடப் பல ஆயிரம் மடங்கு வலுவான ஒன்று கையில் இருக்கும். இரவு முழுக்க ஓட ஆள் உட்கார வேண்டியதில்லை, விடுதியிலிருந்தோ வீட்டிலிருந்தோ இயக்கலாம். முதல்வரின் ஒரு கையெழுத்து, இரண்டு மூன்று மாணவர்கள், கரண்ட் போனால் திரும்ப எழுப்ப ஒரு ஆய்வக உதவியாளர். ஊட்டியிலோ குன்னூரிலோ கூடலூரிலோ ஏதாவது ஒரு கல்லூரி வரும் கல்வியாண்டில் இதைச் செய்து பார்க்கட்டும். பிறகு வந்து மலையில் ஏது மீக்கணினி என்று கேளுங்கள், பேசலாம்.